கூலி, கபாலி, கைதி: நம் தோட்டத்தில் மூன்றும் ஒரே படம்தான்

'கைதி' இரண்டாம் பாகம் எப்போது வரும்? டில்லியும் ரோலக்சும் நேருக்கு நேர் மோதுவார்களா? நடுவில் விக்ரம் வருவாரா? லியோ எந்தப் பக்கம்? புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் நம் பையன்கள் கூடுகிற இடமெல்லாம் இதே பேச்சுதான். தேர்தல் வந்தாலும் அடங்காது, வெள்ளம் வந்தாலும் அடங்காது.

விவரம் தெரியாத பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். லோகேஷ் கனகராஜ் என்ற இயக்குநர் 2019 தீபாவளிக்குக் கார்த்தியை வைத்துக் 'கைதி' எடுத்தார். 2022 ஜூனில் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' வந்தது. 2023 அக்டோபரில் விஜய் நடித்த 'லியோ' வந்தது. மூன்றும் வேறு வேறு கதைகள். ஆனால் ஒரு படத்தில் பிடிபட்ட போதைப்பொருளைப் பற்றி அடுத்த படத்தில் பேசுவார்கள். ஒன்றில் அடிபட்ட வில்லன் இன்னொன்றின் கடைசியில் உட்கார்ந்திருப்பான். எல்லாம் ஒரே உலகத்தில் நடக்கிறதாம். பையன்கள் இதை எல்.சி.யு. என்கிறார்கள். ராகவா லாரன்ஸ் நடிக்கும் 'பென்ஸ்' படமும் இதே உலகம்தான் என்று அறிவித்துள்ளனர். 'விக்ரம்' வெளியாவதற்கு முன் 'கைதி'யை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்று இயக்குநரே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். வீட்டுப்பாடம் கொடுத்த முதல் தமிழ் இயக்குநர் இவராகத்தான் இருக்க வேண்டும்! நம் பிள்ளைகளும் பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு இதை ஒழுங்காகச் செய்தார்கள்.

படம் பார்க்காதே என்று சொல்ல நான் வரவில்லை. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்திலிருந்து சினிமாதான் நமக்குத் துணை. நாள் முழுக்கச் செம்பனைக் காட்டிலோ தொழிற்சாலையிலோ முதுகொடிந்து வந்தவன் இரண்டரை மணி நேரம் தன்னைப்போல் ஒருவன் நூறு பேரை அடிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் அதில் என்ன குற்றம்? நானும் பார்க்கிறேன், விசிலடிக்கிறேன். நான் கேட்க வந்தது வேறு. ஒரு வில்லனுக்கும் இன்னொரு வில்லனுக்கும் என்ன உறவு என்று இத்தனை நுணுக்கமாகக் கோத்துப் பார்க்கத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு, தன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் தனக்கும் உள்ள தொடர்கதையை யாராவது காட்டியிருக்கிறோமா?

மூன்று படங்களின் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கூலி. கபாலி. கைதி. சென்னையில் இவை மூன்றும் தனித்தனிப் படங்கள். 2025 ஆகஸ்ட் 14-இல் ரஜினிகாந்தின் 'கூலி' வந்தபோது, இது எல்.சி.யு.வில் சேராது, தனிப்படம் என்று லோகேஷே சொல்லிவிட்டார். 'கபாலி' அவர் எடுத்ததே இல்லை, அது பா. இரஞ்சித்தின் படம். சரி, அங்கே தனித்தனியாகவே இருக்கட்டும். நம் தோட்டத்தில் தாத்தா கூலி, அப்பா கபாலி, பையன் கைதி. மூன்று தலைமுறையும் ஒரே குடும்பம், ஒரே படம்.

முதலில் தாத்தா.

'கூலி' என்ற சொல் சென்னைக்காரனுக்கு ஒரு மாஸ் தலைப்பு. படத்தில் துறைமுகத் தொழிலாளியின் கையில் ஓர் எண் பொறித்த வில்லை இருக்கும், அதைச் சட்டையில் குத்திக்கொண்டு கூட்டம் ஆடியது. நம் வீட்டுக் கிழவிகளுக்கு அந்தச் சொல் அப்படி இனித்ததில்லை. கங்காணி வந்து ஆசை காட்டிக் கப்பலேற்றினான். இந்தியா 1938-இல் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தும் வரை ஆள் வந்துகொண்டே இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியவனையெல்லாம் ஒரே சொல்லால் கூப்பிட்டார்கள். மலாய்க்காரர் வாயிலும் 'கூலி', துரை வாயிலும் 'கூலி'. அதை மறக்கத்தான் நம்மவர்கள் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். இன்று அதே சொல்லுக்குப் பாலாபிஷேகம்! காலம் செய்யும் வேடிக்கையை என்ன சொல்ல?

ஆனால் அந்தக் கூலிக்காரன் வெறுமனே அடிவாங்கிக்கொண்டு கிடக்கவில்லை. பையன்கள் கேட்கிற மாஸ் சீன் ஒன்று நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடையை மூடு என்றார்கள். எங்கள் பெண்கள் மேல் கை வைக்காதே என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய தோட்ட வழக்கம். இனி இறங்க மாட்டோம் என்றார்கள்.

தோழர்களே, இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். செம்மண் சாலை. எதிரே துரையின் கார். பால்மரம் வெட்டுகிற ஒருவன் சைக்கிளில் வருகிறான், இறங்கவில்லை, மிதித்துக்கொண்டே போகிறான். பின்னணி இசையே தேவையில்லை. துப்பாக்கியும் வேண்டாம், பாராங்கத்தியும் வேண்டாம்.

அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்தவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். இராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நம் தொழிலாளர்கள் மாண்டார்கள். எட்டே மாதத்தில் ஜப்பான்காரன் வந்து அந்தத் துரைகளையே ஓட ஓட விரட்டியது தனிக்கதை.

அடுத்து கணபதி. எஸ். ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச் மாதம் அவரைப் பிடித்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம் வட சிலாங்கூரில்தான், ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டப் பகுதியில். ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடித்த நாளிலிருந்து தூக்கு வரை சுமார் இரண்டு மாதங்கள்தான். முதல் நாள் மே 3-ஆம் தேதி அவருடைய தோழர் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். ரவாங்கில் பிறந்து வளர்ந்த எத்தனை தமிழ்ப் பையன்களுக்கு இது தெரியும்? ரோலக்ஸ் எந்தக் காட்சியில் எந்த வாட்சைக் கழற்றினான் என்று தெரிகிறது. நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தெரியவில்லை. பையனைத் திட்டாதீர்கள். அவனுக்கு எந்தப் பாடப்புத்தகமும் இதை ஊட்டவில்லை, நாமும் ஊட்டவில்லை.

இனி அப்பா. அதாவது கபாலி.

2016 ஜூலை 22. அந்த நாளை நம் ஊரில் யாரும் மறக்க முடியாது. அதிகாலைக் காட்சி, வேனில் கூட்டம், கிள்ளானிலும் ரவாங்கிலும் திருவிழா. சூப்பர் ஸ்டார் நம் நாட்டுத் தமிழனாகவே நடித்தார் என்ற பெருமை. படத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், இழுவை என்று பலர் அன்றே முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த முன்கதையைக் கவனித்தீர்களா? கபாலீஸ்வரன் பிறக்கும்போதே குண்டனாகப் பிறக்கவில்லை. தோட்டத்தில் கூலி வேறுபாட்டை எதிர்த்துக் குரல் கொடுத்த தொழிலாளி அவன். அவனைக் கண்டுகொண்டு வளர்க்கிற தலைவரின் பெயர் தமிழ்நேசன். 1941-இல் சம கூலி கேட்ட நாதன் 'தமிழ் நேசன்' ஆள் என்று மேலே சொன்னேனே! இயக்குநர் தெரிந்து வைத்தாரா, தற்செயலா, எனக்குத் தெரியாது. யூனிவர்ஸ் கண்டுபிடிக்கிற பையன்களே, உங்களுக்கு இதைவிட நல்ல கனெக்‌ஷன் வேண்டுமா?

சம கூலி கேட்டவன் எப்படிக் குண்டர் கும்பல் தலைவன் ஆனான் என்பதைப் படம் வேகமாகத் தாண்டிவிட்டது. தாண்டக் கூடாத இடம் அதுதான். நம் நாட்டுக் கதையில் அந்த இடைவெளியில்தான் எல்லாமே இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, வீடமைப்புக்காரர்கள் வந்தார்கள். லயத்து வீட்டைக் காலி செய் என்றார்கள். கோயில், பள்ளி, ஆயாக் கொட்டகை, திடல் எல்லாம் சேர்ந்த ஒரு வாழ்க்கை கலைந்து, குடும்பம் ஏதோ ஒரு புறம்போக்குக் குடிசையிலோ அடுக்குமாடி வீட்டிலோ போய் விழுந்தது. அப்பன் கூடுதல் நேர வேலைக்குப் போனான், அம்மா தொழிற்சாலை பஸ் ஏறினாள். கீழே நின்ற பையனை "என்னடா தம்பி, சாப்டியா?" என்று முதலில் கேட்டவன் ஒரு கும்பல்காரன். அப்படித்தான் அவன் போனான். புறநகர்க் கும்பல்களின் கதை இவ்வளவுதான், இதற்கு ஆய்வு மாநாடு தேவையில்லை.

அந்த இடைவெளியை எடுத்துக்காட்டிய படம் ஒன்று உண்டு. அது சென்னையிலிருந்து வரவில்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', 2015 டிசம்பரில் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். தோட்டத்தைவிட்டு வெளியே தள்ளப்பட்ட குடும்பம். அப்போய் என்ற சுட்டிப் பையன். அப்பா படி படி என்று அடிக்கிறார், சித்தப்பன் கும்பலில் இருக்கிறான். பையன் யார் பக்கம் சாய்வான்? நாடு தழுவிய திரைப்பட விழாவில் 2016-இல் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையும் அது வாங்கியது. நம்மில் எத்தனை பேர் அரங்குக்குப் போய்ப் பார்த்தோம்? 'கபாலி'க்கு வேன் பிடித்த நாம் 'ஜகாட்'டுக்கு நடந்துகூடப் போகவில்லை. தீபக் குமரன் மேனன் 2005-இலேயே 'செம்மண் சாலை' எடுத்தார், ஒரு தோட்டத்துப் பெண்ணின் படிப்பு ஆசையைப் பற்றி. அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. நம் கதையை நம்மவன் எடுத்தால் நமக்கு ஏனோ கசக்கிறது.

'கபாலி'யின் முடிவைப் பற்றி ஒரு வேடிக்கை. இந்தியாவில் காட்டிய படத்தில் திரை இருண்டு ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கபாலி செத்தாரா பிழைத்தாரா, ரசிகன் பாடு. மலேசியாவில் அப்படி விடவில்லை. கபாலி போலிசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள். ஆக, ஒரே கபாலிக்கு இரண்டு உலகம்! அங்கே கேள்விக்குறி, இங்கே முற்றுப்புள்ளி. குற்றவாளி தப்பிப்பதாகக் காட்டக் கூடாது என்பது தணிக்கைக்காரர்களின் நியாயம், இருக்கட்டும். சம கூலி கேட்டவன் ஏன் குற்றவாளி ஆனான் என்று ஒரு வரி எழுத்துப் போட யாருக்கும் தோன்றவில்லையே, அதுதான் என் ஆதங்கம்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று நம் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்குகிற எண்களெல்லாம் அதில் இருந்தன. உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர் என்றும், அதில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றும் சொன்னார்கள். நாட்டின் மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு. கும்பலில் நூற்றுக்கு எழுபது. இந்தக் கணக்கை வாசித்துவிட்டு "இந்தியர் என்றாலே ரௌடி" என்று சொன்னவர்கள் உண்டு. தோட்டம் மூடிய கணக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போய்வருவோம். அமெரிக்காவில் 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' படங்கள் என்று ஒரு வகை உண்டு. தமிழில் சொன்னால் சுரண்டல் படங்கள். தொழிலாளியைச் சுரண்டுவது அல்ல, ரத்தத்தையும் கவர்ச்சியையும் காட்டி டிக்கெட் விற்பது. 2007-இல் ராபர்ட் ரோட்ரிகஸ் என்ற இயக்குநர் எடுக்காத ஒரு படத்துக்குச் சும்மா விளையாட்டாக டிரெய்லர் போட்டார். கூட்டம் கேட்டதால் 2010-இல் அதையே முழுப்படமாக எடுத்தார். பெயர் 'மச்சேட்டே'. பாராங்கத்தி என்று அர்த்தம். நாயகன் டேனி ட்ரேஹோ, முகமெல்லாம் சுருக்கம், அறுபதைத் தாண்டிய ஆள். எல்லை தாண்டி வந்து தோட்ட வேலையும் கட்டுமான வேலையும் செய்கிற மெக்சிகோக்காரர்களின் ஆள் அவன். கடைசியில் அந்தக் கூலிக்காரர்கள் எல்லாம் தாங்கள் வேலைக்குப் பயன்படுத்துகிற மண்வெட்டி, கத்தியோடு திரண்டு வருவார்கள். இதே மச்சேட்டே, 2001-இல் வந்த 'ஸ்பை கிட்ஸ்' என்ற குழந்தைப் படத்தில் பிள்ளைகளுக்குப் பொம்மைக் கருவி செய்து தருகிற மாமா! இது அதே ஆளா, வேறு ஆளா என்று அங்கேயும் சண்டை. இரண்டாம் பாகம் 2013-இல் வந்தபோது, அடுத்த பாகத்தில் மச்சேட்டே விண்வெளிக்குப் போவான் என்று டிரெய்லர் காட்டினார்கள். நம் 'கைதி' ரசிகர்களைப்போல் அவர்களும் வாய் பிளந்து காத்திருந்தார்கள்.

அந்தப் படம் பச்சை அபத்தம். ஆனால் ஒன்று செய்தது: கத்தியை வேலைக் கருவியாகவும் காட்டியது. நம்மிடமும் பாராங்கத்தி லாலான் புல் வெட்டவும் புதர் தெளிக்கவும்தான் வந்தது. இன்று பத்திரிகையில் பாராங்கத்தி என்று வந்தால் கடைசியில் ஒரு தமிழ்ப் பெயர் வருகிறது. வேலை போனது, கருவி மட்டும் கையில் தங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் விட்டுவந்த அதே தோட்டங்களில் இன்று குலை அறுப்பவன் வங்காளதேசியும் இந்தோனேசியனும். அவனை நம் கடைகளில் எப்படிக் கூப்பிடுகிறோம் என்று ஒருநாள் காது கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியாகப் பையன். கைதி.

பத்து வருடம் சிறையிலிருந்து வெளியே வருகிறான் டில்லி. பிறந்ததிலிருந்து பார்க்காத மகளைப் பார்க்க வேண்டும், அவளுக்கு ஒரு கம்மல் கொண்டு போகிறான். அந்த ஓர் இரவில் லாரி ஓட்டி எத்தனை பேரை அடித்தாலும், அவன் மனம் விடுதியில் காத்திருக்கும் பிள்ளையிடம்தான். படம் ஜெயித்தது சண்டையால் அல்ல, அந்தப் பிள்ளையால். பையன்கள் கேட்கிற பெரிய கேள்வி என்ன? டில்லி சிறைக்குப் போவதற்கு முன் யாராக இருந்தான்? இரண்டாம் பாகத்தில் அதைக் காட்டுவார்கள் என்று ஆவலாக இருக்கிறார்கள்.

சரியான கேள்வி! அதையே நம் சுங்கை பூலோ சிறையைப் பார்த்துக் கேளுங்கள். 2012-இல் சோஸ்மா சட்டம் வந்தது. நீதிமன்றத்துக்குக் கொண்டு போகாமலே 28 நாள் வரை தடுத்து வைக்கலாம் என்று எழுதினார்கள். ஜாமீன் பெரும்பாலோருக்குக் கிடையாது, வழக்கு முடியும் வரை உள்ளேதான். பயங்கரவாதிகளுக்கு என்று சொல்லி வந்த சட்டம், கும்பல் வழக்குகளில் நம் பையன்கள் மேலும் பாய்ந்தது. டில்லிக்காவது தண்டனை முடிந்தது. இவர்களில் பலருக்குத் தீர்ப்பே வரவில்லை. 2024 இறுதியில் உள்ளே கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது, சிறை வாசலில் தாய்மாரும் மனைவிமாரும் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். மகளைப் பார்க்க அப்பன் வரும் கதைக்கு அழுத நாம், அப்பனைப் பார்க்க வந்து தார்ச்சாலையில் படுத்த பிள்ளைகளை எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

உள்ளே இருப்பவன் எல்லாம் உத்தமன் என்று நான் சொல்லவில்லை. அடித்தவன் இருக்கலாம், வெட்டியவன் இருக்கலாம். வெட்டுப்பட்டவனும் நம் வீட்டுப் பையன்தான், அவன் தாயும் அழுதாள். குற்றம் செய்தான் என்றால் நீதிமன்றத்தில் நிரூபி, தண்டனை கொடு. விசாரிக்காமல் பூட்டி வைக்காதே என்பதுதான் பேச்சு.

இங்கேதான் எல்.சி.யு. படங்களோடு எனக்கு ஒரு சண்டை. 'விக்ரம்' படத்தில் முகமூடி போட்ட நல்லவர்கள் கெட்டவர்களைத் தேடிப்பிடித்துக் கொல்கிறார்கள். விசாரணை இல்லை, வழக்கறிஞர் இல்லை. அரங்கு அதிர்கிறது, நாமும் கைதட்டுகிறோம். 2009 ஜனவரியில் 22 வயது ஏ. குகன் போலிஸ் காவலில் இறந்ததும், அந்தத் தாய் நீதிமன்றம் ஏறி இறங்கி 2013-இல் இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கியதும் அப்போது நம் நினைவுக்கு வருவதில்லை. சந்தேகப்பட்டவனை அங்கேயே முடித்துவிடு என்று திரையில் கைதட்டிப் பழகிவிட்டால், நாளை நம் தெருவில் ஒருவனை முடிக்கும்போது எந்த வாயால் கேட்பது?

ஆனாலும் லோகேஷிடம் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அவர் யாரையும் மறப்பதில்லை. 'கைதி'யில் கமிஷனர் அலுவலகத்தைக் காத்த நெப்போலியன் என்ற சாதாரணக் கான்ஸ்டபிள் நினைவிருக்கிறதா? ஜார்ஜ் மரியான் நடித்தது. நான்கு வருடம் கழித்து 'லியோ'வில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அரங்கில் விஜய்க்கு விழுந்த விசிலுக்குக் குறையாமல் அவருக்கும் விழுந்தது. சின்ன ஆளையும் கணக்கில் வைத்திருக்கிறார் பாருங்கள்!

நம்மை யார் கணக்கில் வைத்திருக்கிறார்கள்? மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக். இந்த ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். 2024 மே மாதம் கோல குபு பாரு இடைத்தேர்தல் வந்தபோதுதான் பல பேருக்கு அந்தப் பெயர்கள் நினைவுக்கு வந்தன. எத்தனை மந்திரி மாறினார்கள், எத்தனை முறை 'விரைவில்' என்றார்கள்! படத்துக்குத்தான் 'கமிங் சூன்' என்று போடுவார்கள் என்று நினைத்திருந்தோம். காத்திருந்தவர்களில் சிலர் இடைவேளைக்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்கள்.

'கைதி' இரண்டாம் பாகம் வரட்டும். குடும்பத்தோடு போங்கள், சின்னப் பிள்ளைகளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், தலை உருளுகிற காட்சி அவர்களுக்கு வேண்டாம். திரும்பி வரும்போது பையன் எப்படியும் காரில் ஆரம்பிப்பான், "மாமா, டில்லி அப்போ யாரு தெரியுமா?" என்று. விடுங்கள், பேசட்டும். அவன் முடித்ததும் நீங்கள் நாதனின் சைக்கிள் கதையைச் சொல்லுங்கள். கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூர் வரும் சாலை சுங்கை பூலோவைத் தாண்டித்தான் வர வேண்டும், ஈஜோக் வரைக்கும் நேரம் இருக்கிறது.